சுற்றும் கூட்டல் குறி

நாத்தனார் ஒட்டிய லென்ஸைத் தள்ளுபடி செய்கிற வேலை எந்த அண்ணிக்கும் வாய்க்கக் கூடாது. இவளுக்கு வாய்த்துத் தொலைத்தது.

கேமரா லென்ஸ் தொழிற்சாலையில் நாத்தனாருக்கு ஒட்டும் மேசை, இவளுக்குச் சோதனை மேசை. இரண்டு கண்ணாடிகளைப் பசை வைத்துச் சேர்த்து, சுழலும் வளையத்தில் உட்கார வைத்து, குழாய்க்குள் தெரியும் சிவப்புக் கூட்டல் குறியைப் பார்த்தபடி விரல் நுனியால் நகர்த்த வேண்டும். மையம் தப்பியிருந்தால் குறி வட்டமடிக்கும். சரியாக அமைந்தால் அசையாமல் நிற்கும். நின்றதும் ஊதா விளக்கைப் போட்டால் பசை இறுகிவிடும். அப்புறம் அழுது புரண்டாலும் பிரிக்க முடியாது. சோதனை மேசையிலும் அதே மாதிரி வளையமும் குழாயும்தான்.

மூன்று வாரமாக நாத்தனார் ஒட்டியதில் பாதிக்குப் பாதி வட்டமடித்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் இவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். புருஷன் சும்மா இருப்பானா? "என் தங்கச்சி ஒட்டினது மட்டும் உன் கண்ணுக்கு ஆகாதா?" என்று தினமும் ஒரு பாட்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இன்றைக்கு ஒட்டிய லென்ஸ் தட்டும் தேறாவிட்டால் நாத்தனாரை அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அந்த மேசையைப் பிடிக்க அவள் பட்ட பாடு இவளுக்குத் தெரியாததா?

முதல் லென்ஸே வட்டமடித்தது. சே! கண் எரிந்தது, இடுப்பு விட்டுப்போயிருந்தது. என் வளையமே கோணலாக இருக்கட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டு, லென்ஸை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி வைத்தாள். வளையத்தின் கோணல் என்றால் குறி விலகும் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். லென்ஸின் கோணல் என்றால் கூடவே திரும்பும். திரும்பியது.

"இங்க வா. நீயே பாரு, அப்புறம் என்னைத் திட்டு."

நாத்தனார் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்து, குழாயில் வலது கண்ணை வைத்தாள்.

"நிக்குதே! ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இதையா தள்ளுறீங்க அண்ணி?"

இவள் பார்த்தாள். சுற்றியது. பொய் சொல்லும் முகமில்லை அவளுடையது.

"இடது கண்ணால பாரேன்."

"எதுல பாத்தா என்ன?" என்றபடி கண்ணை மாற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி வலது. மறுபடி இடது.

"சுத்துது அண்ணி."

ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "விளக்கெல்லாம் கலங்கித் தெரியுது. எப்பலேருந்துன்னே தெரியலையே."

அந்த மூன்று வாரச் சண்டையே தேவலை என்றிருந்தது இவளுக்கு.

"நாளைக்குக் கண் டாக்டர்கிட்ட போவோம். நானும் வரேன்."

நாத்தனார் தலையாட்டினாள். அந்த லென்ஸைத் தானே எடுத்துத் தள்ளுபடித் தட்டில் வைத்தாள்.

"அண்ணன்கிட்ட மட்டும் இப்ப சொல்லிடாதீங்க அண்ணி. தாங்க மாட்டாரு."

அப்படியென்றால் இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதே கேள்வி, அதே பாட்டு. இவள் அடுத்த லென்ஸை வளையத்தில் வைத்தாள்.

"சொல்லல, போ" என்றாள்.