ஊக்கோடு பிறக்கும் செருப்புகள்

புன்னைவாசலில் செருப்புகள் ஆவணி மாதம் குட்டி போடும். கோயில் வாசலிலும் கல்யாண மண்டப வாசலிலும் கழற்றி விட்டவை, ஆள் உள்ளே போனதும் அங்கேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

நல்லதாகப் பார்த்துத் திருடன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் அதற்குக் குட்டி போட நேரம் ஏது? எவனும் சீண்டாத பிய்ந்த செருப்புதான் மிஞ்சும், அதுதான் பெற்றுப் பெருக்கும். எப்போதோ ஒன்று வாரில் ஊக்கோடு பிறந்தது. திருடன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இன்று ஊரில் பிறப்பதெல்லாம் ஊக்கோடுதான். யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை இல்லை இது.

ஆவுடையப்பனுக்குத்தான் தலைவலி. முப்பத்தாறு வயசு. வெளியூரில் பெண் பார்க்கப் போன நான்கு வீட்டிலும் வாசலில் அவன் கழற்றி விட்ட ஊக்குச் செருப்பைப் பார்த்துவிட்டு வெறும் காபியோடு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவதும் தட்டிப்போனால் அவ்வளவுதான், தரகர் கையை விரித்துவிட்டார். பாவம், ஆவுடையப்பன் அழாத குறை.

அவன் சித்தி பீரோவைத் திறந்தாள். உள்ளே நாலு தலைமுறையாகத் திருடனையே பார்க்காத ஒரு வம்சம் வாழ்ந்துகொண்டிருந்தது. பளபளவென்று கறுப்புத் தோல், பித்தளை வளையம். அதில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு கரும்பாறைக்குப் பஸ் ஏறினான்.

பெண் வீட்டு வாசலில் வழக்கப்படி கழற்றி விட்டான். மடையன், கையோடு எடுத்துப் போயிருக்கலாம். காபி ஆறுவதற்குள் இரண்டும் போய்விட்டன.

“போயிருக்குமே,” என்றார் பெண்ணின் அப்பா மாசானம். “எங்க ஊர்ச் செருப்பெல்லாம் தாத்தா காலத்துலயே போயிட்டு தம்பி. திருடன் இப்ப வெளியூர் ஆளுங்கள நம்பித்தான் பொழைக்கான்.”

உச்சி வெயில். முற்றம் முழுக்கப் பாறை. விடைபெற்றுக் கிளம்பிய ஆவுடையப்பன் நாலடி வைப்பதற்குள் “அய்யோ அம்மா” என்று துள்ளித் திரும்பிவந்து தூணைக் கட்டிக்கொண்டான். மாசானத்தின் முகம் சுருங்கியது.

“கால் ரொம்ப மெத்துனு இருக்கே தம்பி. இங்க அப்படிக் காலு உள்ளவங்க வேற ஊர் பாத்துப் போயிட்டாங்க, இல்ல கல்யாணமே ஆகாமப் போய்ச் சேந்துட்டாங்க. கல்லு தாங்குறவங்களுக்குத்தான் பிள்ளகுட்டி.”

ஐந்தாவதும் போச்சு என்று அவன் தூணை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

கதவோரம் நின்ற வடிவு முதல்தடவையாக வாயைத் திறந்தாள். “இருக்கட்டும்ப்பா. ஆளு நல்லாத்தான் இருக்காரு. பிள்ளைங்களுக்கு என் கால் வந்தாப் போதும்.”

டக் டக்கென்று வெயிலில் நடந்துவந்து அவன் பாதத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். சேலைக்குக் கீழே இரண்டு குளம்புகள், எண்ணெய் தடவி, சுத்தமாக. ஆவுடையப்பனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அப்போதே தேதி குறித்தார்கள். மெட்டிக்கு லாடக்காரரிடம் சொல்லிவிடலாம் என்றார் மாசானம். வெள்ளியிலேயே அடித்துத் தருவாராம், நாலு ஆணியோடு.