உப்பு படாத வண்டி

பிரேக்கை மிதித்தபோது கால் தரை வரைக்கும் போனது. ஹான்காக் மலைச்சரிவின் அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு பால் லாரி. டேல் காங்கஸ் பதறவில்லை. கியரை இறக்கினார், கைப்பிரேக்கை இரண்டு மூன்று தடவை இழுத்து இழுத்து விட்டார், ஸ்டியரிங்கை வலது பக்கமாக ஒடித்து, சாலையோரம் ஒதுக்கிக் குவித்திருந்த பனிக்குள் வண்டியின் மூக்கைச் செருகி நிறுத்தினார். பக்கத்து இருக்கையில் இடுப்புவரை கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மனைவி லோரெய்ன், மடியிலிருந்து நழுவிய முட்டைப் பெட்டியை எட்டிப் பிடித்தாள். திறந்து பார்த்தாள்.

"முட்டை ஒடையல" என்றாள். பெட்டியை மூடிவிட்டு, "இந்த வண்டியிலதான் நான் சனிக்கிழமை க்ரீன் பே போகணும்" என்றாள்.

"பிரேக் பைப் துருப்பிடிச்சு விட்டிருக்கும். ரெண்டு நாள் வேலை."

"உன் ரெண்டு நாள் எனக்குத் தெரியாதா?"

அவர்களிடம் மூன்று வண்டிகள் இருந்தன. இந்தப் பழுப்பு நிற வேகன், இருபத்திரண்டு வயது. வீட்டு வாசலிலிருந்து சாலை வரைக்கும் பனியைத் தள்ள, மூக்கில் தகடு பொருத்திய பிக்கப். மூன்றாவது பச்சை. சுப்பீரியர் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எல்லாருமே குளிர்காலத்துக்கு ஒரு வண்டி, கோடைக்கு ஒரு வண்டி என்றுதான் வைத்துக்கொள்வார்கள். நவம்பரிலிருந்து சாலையில் உப்பு விழும். உப்பு பனியைக் கரைக்கும், பிறகு சாவகாசமாக இரும்பைத் தின்னும். அதனால் தின்னக் கொடுப்பதற்கென்றே ஒரு வண்டி. டேல் முப்பத்தொரு வருஷம் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலையில் உப்புத் தூவும் லாரியை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் பாதி வண்டிகளை அரித்தது தன் கைதான் என்பது அவருக்குத் தெரியும். அதில் குற்ற உணர்ச்சி ஒன்றும் கிடையாது. ஆனால் தன் வண்டிக்கு அந்தக் கதி வரவிடுவதில்லை என்று மட்டும் பச்சையை வாங்கிய அன்றே முடிவு செய்துவிட்டார். வாங்கி இருபத்தேழு வருஷம் ஆகிறது. முதல் பனி விழுவதற்கு முன்னால் கழுவித் துடைத்து, காரேஜின் இடது பாதியில் நிறுத்தி, பருத்தித் துணியால் மூடிவிடுவார். வசந்தத்தில் நல்ல மழை இரண்டு பெய்து சாலை கழுவிக்கொண்ட பிறகுதான் வெளியே எடுப்பார். அடியில் படுத்துப் பார்த்தால் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் இன்னும் அப்படியே இருக்கும்.

செப்டம்பரில், மூன்று வண்டிக்கும் இனி இன்சூரன்ஸ் கட்டுவானேன், ஒன்றைத் தள்ளிவிடலாம் என்று பேச்சு வந்தது. "பச்சை போகாது" என்றார் டேல். "அது எந்தக் காலத்துல எங்க போயிருக்கு?" என்றாள் லோரெய்ன். பேச்சு அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு கிறிஸ்டனுக்குக் குழந்தை பிறந்தது. கிறிஸ்டன் அவர்களுடைய ஒரே மகள். க்ரீன் பேயில் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரவுப் பணி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா வர முடியுமா என்று கேட்டாள். லோரெய்ன் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஜூனில்தான் ஓய்வு பெற்றிருந்தாள். முதலில் "ஆறு வாரம்" என்றாள். அக்டோபரில் அது "ஏப்ரல் வரைக்கும்" ஆனது. போன வாரம் அடுத்த வீட்டு வெர்னின் மனைவி தொலைபேசியில் கேட்டபோது, "பாக்கலாம், எப்படி இருக்குன்னு" என்று அவள் பதில் சொன்னது டேல் காதில் விழுந்தது. நீயும் வா என்று அவரை இரண்டு தடவை கூப்பிட்டிருந்தாள். கூரைமேல் பனி ஏறினால் யார் தள்ளுவது என்று அவர் இரண்டு தடவையும் கேட்டார். மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை. 'பாக்கலாம்' என்ற அந்தச் சொல்லை மட்டும் அவர் யாரிடமும் காட்டாத சிறு காயம்போல வைத்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை வேகனை ஜாக்கியில் தூக்கி, நான்கு ஸ்டாண்டுகள் கொடுத்து, பழைய அட்டைப்பெட்டியை விரித்து அடியில் படுத்தார். பிரேக் பைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்திருந்தது. துருப்பிடித்த துண்டை வெட்டிவிட்டு நல்ல இரும்பு வரும் இடத்தில் புதிய பைப்பை இணைக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல இரும்பு வரவில்லை. ஒரு அடி வெட்டினார், இரண்டு அடி வெட்டினார், கடைசியில் முன்பக்கம் வரை முழுப் பைப்பையும் கழற்ற வேண்டியதாயிற்று. ஒவ்வொரு மரையையும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, தட்டித் தட்டித் திருப்ப வேண்டியிருந்தது. புதிய பைப்பை ஒவ்வொரு வளைவுக்கும் கையாலேயே வளைத்தார். அடியில் யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் வளைவுகள் ஒரே சீராக இருந்தன. தான் மெதுவாக வேலை செய்கிறோமா, நன்றாக வேலை செய்கிறோமா என்று நடுவில் ஒரு தடவை அவருக்குச் சந்தேகம் வந்தது. இரண்டுக்கும் கை ஒரே மாதிரிதான் அசைந்தது.

வியாழக்கிழமை மதியம் பைப்பிலிருந்து ஏர் எடுக்க லோரெய்னைக் கூப்பிட்டார். அது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. ஒருவர் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து மரையைத் திறந்து காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். லோரெய்ன் ஏப்ரனோடு வந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நாற்பது வருஷமாக அவள்தான் மிதிக்கிறாள்.

"அமுத்து."

"அமுத்திட்டேன்."

"பிடி." மரையைத் திறந்தார். எண்ணெயோடு குமிழ்கள் வந்தன. மூடினார். "விடு."

"டேல்."

"ம். அமுத்து."

"அப்பா ஏன் வரலன்னு கிறிஸ்டன் கேட்டா. கூரைப் பனின்னு சொன்னேன். சிரிச்சா."

"பிடி."

"எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் வரல."

"விடு."

மறுபடி அமுத்திப் பிடிக்கச் சொன்னார். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்பதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அவள் முகம் தெரியவில்லை. அவர் முகமும் அவளுக்குத் தெரியாது. நடுவில் ஒரு தகடு. கேட்பதற்காக வாயைத் திறந்தவர், டார்ச்சைக் கொஞ்சம் நகர்த்தினார். வெளிச்சம் பின் அச்சைத் தாங்கும் சட்டத்தின்மேல் விழுந்தது. அந்த மூலையில் பெயின்ட் கொப்புளம் கட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் தொட்டார். பன்னில் இறங்குவதுபோலக் கைப்பிடி வரை உள்ளே போனது. முகத்தில் துரு உதிர்ந்தது.

"என்ன, தூங்கிட்டியா கிழவா? கால் வலிக்குது எனக்கு."

"விடு" என்றார். "போதும். பிரேக் சரியாயிடுச்சு."

அது பொய்யில்லை. பிரேக் சரியாகிவிட்டது.

மாலை நான்கு மணிக்கு வெர்ன் வந்தார். டேலோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், சொந்தமாக வெல்டிங் மெஷின் வைத்திருப்பவர். காப்பிக் கோப்பையோடு குனிந்து, வேகனின் அடியில் எட்டிப் பார்த்து, தன் விரலையே அந்த ஓட்டைக்குள் விட்டு எடுத்தார்.

"இதுல வண்டி எங்கடா இருக்கு? பெயின்ட்டுதான் இருக்கு."

"வெல்ட் வச்சா?"

"எதுல வைக்கறது, காத்துலயா? வெல்ட் புடிக்க இரும்பு வேணும்ல. நெடுஞ்சாலையில ஒரு பள்ளத்துல இறங்குச்சுன்னா பின்சக்கரம் அதுபாட்டுக்குத் தனியாப் போயிடும்." விரலைத் துடைத்துக்கொண்டார். "லோரெய்ன்கிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லு. வண்டி செத்துப்போச்சுன்னு சொல்லு. பிக்கப் இல்லாம நீ இங்க குப்பை கொட்ட முடியாது, அது அவளுக்கே தெரியும். பேசாம வீட்ல இருப்பா." வெர்ன் சிரித்தார். "இதுல பொய்யும் இல்ல பாரு. உண்மையச் சொல்லி ஜெயிக்கற யோகம் எத்தன பேருக்குடா கெடைக்கும்?"

வெர்ன் போன பிறகு டேல் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். சொன்னால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். லோரெய்ன் சரி என்பாள். படுக்கைமேல் திறந்து கிடக்கும் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைப்பாள். மகளுக்குப் போன் போட்டு வண்டியின்மேல் பழியைப் போடுவாள். ராத்திரிக்கு சூப் வைப்பாள். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்ட மாட்டாள், அது அவள் சுபாவம். கூரையிலிருந்து பனியைத் தள்ளிவிட்டு அவர் உள்ளே வரும்போது காப்பி தயாராக இருக்கும். அது ஒரு நல்ல குளிர்காலமாகத்தான் இருக்கும். அவள் மட்டும் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருப்பாள்.

எழுந்து சாமான்களை எடுத்து வைக்கப் போனார். அலமாரிக்குப் போக இடது பக்கம் துணி மூடி நிற்கும் பச்சையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மூன்று நாளாக அதைச் சுற்றிச் சுற்றித்தான் போய்வந்தார். துணியில் கை படாமல், ஸ்பானர் உரசாமல், உடம்பைச் சுருக்கிக்கொண்டு. அதுவும் ஓடக்கூடிய வண்டிதான் என்பது அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட அவர் மனதில் வரவில்லை. நவம்பர் ஆகிவிட்டது, அதனால் அது வண்டியில்லை. இப்போது அவர் நின்றார். லோரெய்னுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்? காரேஜ் கதவு திறந்திருக்கும்போது சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவதே அதுதான். கேட்டிருந்தால் அவர் முடியாது என்று சொல்லியிருப்பார். யோசிக்காமல் சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஹௌட்டனுக்குப் பிக்கப்பில் போய் நான்கு பனி டயர் வாங்கி, அங்கேயே ரிம்மில் ஏற்றி எடுத்துவந்தார். லோரெய்ன் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு காரேஜுக்குள் வந்தபோது, பருத்தித் துணி நான்காக மடித்துப் பெஞ்சின்மேல் இருந்தது. டேல் இடது முன்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் தட்டோடு வாசலிலேயே நின்றாள்.

"என்ன பண்ற?"

"டயர் மாத்தறேன்."

"டேல், இது பச்சை."

"எனக்குக் கண்ணு தெரியுது."

"ஒரு தூறல் போட்டா வெளிய எடுக்க மாட்டியே நீ. நம்ம கல்யாண நாளுக்கு, வானம் கறுத்திருக்குன்னு பிக்கப்லதான கூட்டிட்டுப் போன?"

"வேகன் அடிச்சட்டம் ஓட்டை. ஓட்ட முடியாது." நட்டை முறுக்கினார். "இதுல ஹீட்டர் ரெண்டு பக்கமும் வரும்."

லோரெய்ன் தட்டைப் பெஞ்சில் வைத்தாள். வண்டியைச் சுற்றி ஒருதடவை நடந்தாள். பின்பக்கம் வரைக்கும் போய்விட்டு, அங்கிருந்தே பேசினாள்.

"வேகனைக் கொடுத்துடலாமா, அப்போ?"

"வெர்னுக்குத் தெரிஞ்ச பழைய இரும்புக் கடைக்காரன் வந்து எடுத்துப்பான்."

"ரெண்டு வண்டி."

"ரெண்டு போதும்."

"ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க" என்றாள் லோரெய்ன்.

அவர் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். மத்தியானம் அடியில் படுத்து ஒவ்வொரு மூலையிலும் எண்ணெய் அடித்தார். எண்ணெய் உப்பைத் தடுக்காது, தாமதப்படுத்தும். முப்பத்தொரு வருஷம் உப்புக் கொட்டிய மனுஷனுக்கு அது தெரியும். அந்த வழவழப்பான பெயின்ட்டைக் கடைசியாகப் பார்ப்பதுபோல டார்ச் அடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு எண்ணெய் கண்ணில் சொட்டவே வெளியே வந்தார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. பெட்டி ஏற்றியாயிற்று. குழந்தைக்குப் பின்னிய போர்வை ஏற்றியாயிற்று. லோரெய்ன் இருக்கையை முன்னால் தள்ளி, கண்ணாடிகளைத் தனக்கேற்ப மாற்றினாள். இந்த வண்டியில் அவள் ஓட்டும் பக்கம் உட்கார்ந்தது சொற்பம். கம்பளியை மடித்துப் பின்னிருக்கையில் போட்டாள். ஜன்னலை இறக்கினாள்.

"கிறிஸ்டன் வீட்டுக்கிட்டயே வண்டி கழுவற எடம் இருக்காம். வாரம் ஒருதடவ அடியில தண்ணி அடிச்சுடறேன்."

"நேரம் கெடைச்சாப் பண்ணு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏதாச்சும் கேக்கணும்னா கேளு, டேல்."

அவர் கூரையைப் பார்த்தார். பனி இன்னும் நாலு அங்குலம்கூட ஏறவில்லை. "டயர்ல காத்து முப்பத்தஞ்சு இருக்கணும். குளிர்ல எறங்கும். அடிக்கடி பாரு."

"பாக்கறேன்" என்றாள். கையை வெளியே நீட்டி அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டாள். ஜன்னல் ஏறியது.

வண்டி மெதுவாக இறங்கி, சாலை முனையில் நின்றது. வடக்கிலிருந்து கவுண்டியின் உப்பு லாரி வந்துகொண்டிருந்தது. பின்னால் சுழலும் தட்டு இரண்டு பக்கமும் உப்பை வாரி இறைத்துக்கொண்டே வந்தது. டேல் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு பார்த்திருந்தார். லாரி அவர்கள் வீட்டுப் பாதையை நெருங்கியதும் தட்டு நின்றது. பச்சை வண்டியின் மூக்குக்கு முன்னால் ஒரு மணி உப்புகூடச் சிந்தாமல் லாரி கடந்து போனது. கண்ணாடி பனிமூட்டமாக இருந்ததால் ஓட்டியது யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் டேலின் பச்சையைத் தெரிந்தவன்தான்; இந்த வண்டி ஏதோ தவறுதலாக வெளியே வந்து நிற்கிறது என்று நினைத்திருப்பான். நூறு அடி தள்ளித் தட்டு மறுபடியும் சுழல ஆரம்பித்தது.

தெற்கே திரும்புவதற்கான விளக்கு மினுக்கியது. பச்சை வண்டி சாலையில் ஏறி, உப்பு விழாத அந்தக் கறுப்புத் துண்டின்மேல் உருண்டது. உப்பின் வெள்ளை தொடங்கும் இடத்தில் பின்விளக்குகள் ஒரு கணம் சிவந்து, வேகம் குறைந்தது. பிறகு அணைந்தன. சக்கரங்களுக்கடியில் உப்பு மணிகள் நொறுங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.