சூடு ஆறாத ஸ்வெட்டர்

பள்ளி முதலாளி ருசோகே அலுவலகத்தில் உட்கார்ந்து பல்லைக் குத்திக்கொண்டே கெமிகிசாவின் மதிப்பெண் தாளைப் படித்தார். கறிக்கடையில் ஈரலைப் புரட்டிப் பார்க்கிறவரின் முகம். குச்சி நுனியில் வந்ததை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வாயிலேயே போட்டுக்கொண்டார்.

"பிரமாதம். உன் செல்லப்பேர் என்னம்மா?"

"அப்வோலி."

"அப்வோலி! நம்ம வீட்டுப் பொண்ணு." பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவின் செல்லப்பெயரையும் கேட்டுக்கொண்டார். "அடியேரி, கறி போட்டுக்கங்க. கூச்சப்படாதீங்க."

மேற்கு உகாண்டாவின் தோரோக்காரர்களுக்குள் பாசமும் மரியாதையும் அந்தச் செல்லப்பெயரில்தான் இருக்கின்றன. அம்மா கூலி வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்து மேஸ்திரி ஒருநாளும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. அம்மா தோள்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு துண்டு எடுத்தாள்.

கெமிகிசாவுக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். தேர்வுக்குப் பெயர் பதிய இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அதற்குள் ருசோகேயின் விடுதிப் பள்ளிக்கு மாறிவிட்டால் கட்டணம் கிடையாது. தினமும் மூன்று மணிநேர நடை கிடையாது. நிஜமான ஆய்வுக்கூடம் உண்டு. பதிலுக்கு, முடிவுகள் வரும் நாளில் அவள் படம் இந்தப் பள்ளியின் பெயரோடு செய்தித்தாளில் வரவேண்டும். பதிலை இன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

"மேட்ரன், அப்வோலிக்குக் கட்டிலைக் காட்டுங்க. அப்படியே ஸ்வெட்டர் போட்டு ஒரு போட்டோ. கேட்டுல போர்டு வைக்கணும்."

போகும் வழியில் சமையல்கூடம். அண்டாவில் பீன்ஸ் கொதித்தது. மேலே மிதந்த வண்டுகளைச் சமையல்காரர் கரண்டியால் ஒதுக்கி, ஒதுக்கியதை உள்ளேயே கலக்கினார்.

"அது மத்தவங்களுக்கு. உனக்குத் தனிச் சாப்பாடு" என்றாள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன்.

விடுதியில் ஒரு கட்டிலருகே ஒரு பெண் தன் மெத்தையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொன்பதாம் நம்பர்! இன்னும் கிளம்பலயா? ஸ்வெட்டரைக் கழட்டு."

அவள் தலை வழியாக உருவிக் கொடுத்தாள். மேட்ரன் உதறக்கூட இல்லை. அதை அப்படியே கெமிகிசாவின் தலையில் மாட்டி இழுத்துவிட்டாள். உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அக்குளில் ஈரம். வேர்வையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை அவள் மூக்கில் ஏறியது. மேட்ரன் போட்டோக்காரரைக் கூப்பிட வெளியே போனாள்.

"உன்னை எங்க அனுப்பறாங்க?" என்றாள் கெமிகிசா.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டாய் ஸ்கூல் இருக்கு. மார்க் குறைஞ்ச இருபது பேர் பேரையும் அங்க பதியறாங்க. நாங்க ஃபெயிலானா அந்த ஸ்கூல்தான் ஃபெயிலு. இவங்க கணக்குல சேராது."

"அப்ப ஃபீஸ்?"

"அது மட்டும் இங்கதான்." அவள் சிரித்தாள். "படுக்கையும் இங்கதான், ஸ்டோர் ரூம்ல. யூனிஃபார்ம்தான் கூடாது. பரீட்சை ஹால்ல யாராவது பாத்துட்டா?"

கெமிகிசா கையை உள்ளே இழுத்து ஸ்வெட்டரைக் கழற்றி அவளிடம் நீட்டினாள்.

"ஐயோ, என்கிட்ட குடுக்காத. திருடினேன்னு அடிப்பாங்க. நீயே போட்டுக்க. நீ போடலன்னா வேற ஒருத்தி போடுவா."

"உன் செல்லப்பேர் என்ன?"

அந்தப் பெண் கட்டுக்கயிற்றை இறுக்கினாள். "அத வச்சு என்ன பண்ணப் போற?" என்று சொல்லிவிட்டு மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள்.

கெமிகிசா அலுவலகத்துக்கு வந்து ஸ்வெட்டரை மேசைமேல் வைத்தாள். அதன் ஒரு கை கறிக் குழம்பில் விழுந்தது.

"நான் வரல சார்."

"அப்வோலி, என்னம்மா இது..."

"அப்படிக் கூப்பிடாதீங்க."

ருசோகேயின் முகத்தில் கோபமே இல்லை. பல்குச்சியைக் காதில் செருகிக்கொண்டு மதிப்பெண் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "பதினோரு மணிக்கு இன்னொரு பொண்ணு வருது" என்றார்.

வாசல் தாண்டியதும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"பைத்தியமாடி உனக்கு? ஒரு ஸ்வெட்டருக்காகவா?"

கெமிகிசா நடந்ததை எல்லாம் சொன்னாள். அம்மா நாக்கால் கடைவாயைத் துழாவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொண்ணு எப்படியும் போறவதான? நீ வராட்டி அவளைத் திரும்பச் சேத்துப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்புறம் என்னத்துக்கு?"

"அது அவ மேல இருந்த சூடோட இருந்துச்சும்மா."

அம்மா பல்லில் சிக்கியிருந்த கறி நாரை விரலால் இழுத்து, பார்க்காமலே சாலையோரம் துப்பினாள்.

"நாளைக்கும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு நடக்கணும். எழுப்பறப்ப மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."