முதல் மூக்கு

சோப்பு ஆலையில் மோந்து பார்ப்பது என் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இருபத்திரண்டு வருடமாக என் மூக்கு சம்மதிக்காமல் ஒரு கட்டிகூட ஆலை வாசலைத் தாண்டியதில்லை. அங்கே எல்லோருக்கும் நான் 'மூக்கு சார்'. முதலில் அந்தப் பெயர் எரிச்சலாக இருந்தது, பிறகு பெருமையாகிவிட்டது.

தினமும் காலை பத்து மணிக்கு மோப்ப அறையில் எட்டுப் பேர் கூடுவோம். வெள்ளைத் தட்டில் அன்றைய சோப்பு வரும். நான்தான் முதலில் மோந்து, "எலுமிச்சை. போகலாம்" என்று வாய்விட்டுச் சொல்வேன். பிறகு மேனேஜர், பேக்கிங் அக்கா, கலவை மெஷின்காரர் என்று வரிசையாக மோந்து தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். மூத்தவர் முதலில் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அதை மாற்றவேண்டுமென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

போன மாதம் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் போய்விட்டது, போகும்போது என் மூக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க, தீயற வாடை தெரியலையா?"

"என்ன வாடை?" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா பரிசோதித்தார். "மூக்கு நரம்பு மெதுவா வளந்துடும். மூளையைத்தான் மறுபடி பழக்கணும். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். தினம் ரெண்டு வேளை, பழைய வாசனையை ஞாபகப்படுத்திக்கிட்டே மோந்து பாருங்க" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "மூளை நம்மளை ஏமாத்தும். எலுமிச்சைன்னு யாராவது சொல்லிட்டா, சில பேருக்கு வெறும் தண்ணிகூட எலுமிச்சையா மணக்கும். வந்துடுச்சுன்னு அவசரப்பட்டு நம்பிடாதீங்க."

ஆலையில் நான் மூச்சுவிடவில்லை. மூக்கில்லாத மூக்கு சாருக்கு அங்கே என்ன வேலை? வேறு தொழிலும் எனக்குத் தெரியாது. மஞ்சள் கட்டி வந்தால் எலுமிச்சை, இளஞ்சிவப்பு வந்தால் ரோஜா என்று கண்ணை வைத்து ஒப்பேற்றினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இத்தனை வருடம் மூக்கு செய்த வேலையை ஒரு குழந்தைகூடச் செய்திருக்கும் போலிருக்கிறதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

மூன்றாவது வாரம் வீட்டில் கிராம்புப் பாட்டிலைத் திறந்தபோது லேசாக மணந்தது. மறுநாள் நாலும் மணந்தன. மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் அவள் தினமும் ஒரே வரிசையில்தான் பாட்டிலை நீட்டுவாள். அடுத்து எது வரும் என்று எனக்கு மனப்பாடம். அதனால் நிஜமாகவே மணக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அதே நாளில் ஆலையில் மஞ்சள் கட்டியை மூக்கில் வைத்துத் தேய்க்காத குறையாக மோந்தேன், ஒன்றும் இல்லை. வழக்கம்போல "எலுமிச்சை, போகலாம்" என்றேன்.

"இன்னிக்குக் கொஞ்சம் தூக்கலாவே இருக்கு" என்றார் மேனேஜர்.

"அப்பதான் தோலை உரிச்ச மாதிரி ஜம்முனு இருக்கு சார்" என்றார் பேக்கிங் அக்கா.

ஏழு மூக்கு பொய் சொல்லுமா? ஆக, வீட்டில் மணந்ததெல்லாம் டாக்டரம்மா சொன்ன ஏமாற்று வேலைதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் அடுத்த குண்டைப் போட்டார். "திங்கக்கிழமை புது சோப்புக்குப் பன்னண்டு வாசனை சாம்பிள் வருது. நீங்க கை காட்டறதுதான்." பன்னிரண்டும் நிறமில்லாத தண்ணீர் போன்றவை. கண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஞாயிறு ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, திங்கள் விடிந்ததும் ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு, சாம்பிளுக்கு முன்னால், வழக்கமான மஞ்சள் கட்டி வந்தது. மோந்தேன்.

"எனக்கு ஒண்ணுமே மணக்கல."

 மேனேஜர் கட்டியை வாங்கி மோந்தார். இன்னொரு முறை மோந்தார். "எனக்கும்..." என்று இழுத்தார். கட்டி கைமாறிக் கைமாறிப் போனது. ஒருவருக்கும் எலுமிச்சையைக் காணோம். கலவை மெஷின்காரர் முகம் வெளுத்து வெளியே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"வாசனை பம்பு வால்வு மூடியே இருக்கு சார். பத்து நாளைக்கு முன்னாடி கழுவறதுக்கு மூடினேன். தெறக்க மறந்துட்டேன்."

எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. அவரிடமிருந்து கிரீஸும் வேர்வையும் கலந்து குப்பென்று ஒரு நாற்றம். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. அந்த மனிதரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூக்கு வந்துவிட்டது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கடிதத்தை நீட்டினேன். மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மூக்கே இல்லாம நீங்க சொன்னதை, மூக்கு இருக்கற நாங்க ஏழு பேரும் பத்து நாளா மோந்திருக்கோம். இதை மேல எழுதினா உங்க வேலை மட்டுமா போகும்?" என்று கடிதத்தை நாலாகக் கிழித்தார். "நாளையிலேர்ந்து யாரும் வாயைத் தெறக்கக் கூடாது. ஆளுக்கொரு சீட்டுல எழுதணும்."

மறுநாள் அந்தச் சாம்பிளில் ஒன்றைக் கலந்து, நிறம் சேர்க்காத வெள்ளைக் கட்டி வந்தது. சீட்டுகளைப் பிரித்தார்கள். மேனேஜர் 'ரோஜா'. பேக்கிங் அக்கா 'மல்லிகையாக இருக்கலாம்'. கலவை மெஷின்காரர் 'வால்வு திறந்துதான் இருக்கிறது'. நாலு சீட்டு வெற்று. நான் 'கிராம்பு' என்று எழுதியிருந்தேன். சாம்பிள் பாட்டிலின் சீட்டைப் பார்த்தார்கள், கிராம்பேதான்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சார், பழையபடி நீங்களே முதல்ல சொல்லிடுங்களேன்."

"முடியாது. இனிமே நான் கடைசிதான்" என்றேன்.

இப்போதும் பத்து மணிக்குக் கூடுகிறோம். யாரும் வாய் திறப்பதில்லை. நான் மோந்து பார்க்கும்போது மட்டும் ஏழு பேரும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.