சுவரில் ஒரு பாடு

கெங்கம்மாள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியான நாளிலிருந்து, அவள் புருஷன் ஏழுமலை அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டான். "தலைவியம்மா, கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்பான். அவளும் ஊற்றுவாள், கரண்டியைத் தட்டில் கொஞ்சம் ஓங்கியே இடித்துவிட்டு. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்து நடுநிலைப் பள்ளிக்குத் தலைவி என்றால் சும்மாவா?

பதவியோடு தலைவலியும் வந்து சேர்ந்தது. தலைமையாசிரியர் இராமலிங்கம் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, மெதுவாகத்தான் சொன்னார். "பசங்க கணக்குல ரொம்ப வீக்கா இருக்காங்கம்மா. இருக்கிற ஓவியப் பீரியடை எடுத்துக் கணக்குக்குக் குடுத்துடலாம்னு பாக்கறேன். வெள்ளிக்கிழமை கூட்டத்துல நீங்க சரின்னு சொல்லிட்டா போதும்."

திருநின்றவூரிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி வந்து பாடம் நடத்துகிற மனுஷன். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் சரியென்று தலையாட்ட கெங்கம்மாளுக்கு மனசு வரவில்லை. அவள் மகள் சத்யாவுக்கு மற்ற நாளெல்லாம் காலையில் வயிற்றுவலி வரும். ஓவிய டீச்சர் ஜோதிலட்சுமி வருகிற நாளில் மட்டும் அந்த வலி எங்கே போகும் என்று தெரியாது. நாஷ்டாகூடத் தின்னாமல் ஓடும் பெண். ஒருநாள் அந்த டீச்சர் "ஏரிக்கு வாய் இருந்தா என்ன பேசும்?" என்று கேட்டு வரையச் சொன்னாளாம். "நாள் பூரா உப்பு கரிக்குதாம்மா. கொஞ்சம் நல்ல தண்ணி கேக்குது" என்று சத்யா வீட்டில் வந்து சொன்னாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடிவைத்திருந்த பெண், அன்று தூங்கும்வரை ஏரிக்காகப் பேசினாள்.

"அந்தப் பீரியடுக்குத்தான் சார் எங்க ஊட்டுப் பொண்ணு பள்ளிக்கூடமே வருது" என்றாள் கெங்கம்மாள்.

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரிம்மா. காம்பவுண்டு சுவர்ல வரையணும்னு அந்த டீச்சர் கேட்டுக்கினே இருக்காங்க. இந்த வாரம் வரையட்டும். சண்டை சச்சரவு இல்லாம நடந்தா, நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

பெயிண்டுக்குக் கெங்கம்மாளே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போனாள். அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி, மேனேஜரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தான். எல்லாம் மெஷினுக்கு அடிக்கிற பெயிண்ட். மஞ்சளும் சாம்பலும்தான். ஜோதிலட்சுமி டின்னைத் திறந்து பார்த்துச் சிரித்தாள். "போதும்க்கா. நம்ம ஏரி மஞ்சளா இருந்தா யாரு கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகள் சுவரைக் கேட்டார்கள். பஸ் நிற்கும் பக்கத்துச் சுவர் எல்லாருக்கும் வேண்டும். கக்கூஸ் பக்கத்துச் சுவர் ஒருவருக்கும் வேண்டாம். முதல் நாளே ஒருவன் சட்டை முழுக்க மஞ்சளாகி, இன்னொருவன் அழுது, டின் ஒன்று உருண்டது. இராமலிங்கம் வராந்தாவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உருண்ட டின்னையே பார்த்தார். அந்தப் பார்வை கெங்கம்மாளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"பாடு போட்ருவோம் டீச்சர்" என்றாள். "எங்க ஆம்பளைங்க ஏரியில போடறாப்பல."

ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. முகத்துவாரத்துப் பக்கம் அள்ளலாம். மேட்டுப் பக்கம் சேறுதான் வரும். அதனால் யார் எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதுதான் பாடு. இன்றைக்கு மோசமான இடம் கிடைத்தவன் நாளைக்கு நல்ல இடத்துக்கு நகருவான்.

பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இராமலிங்கம்கூடச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். "சுவத்தைச் சமமாப் பிரிக்கணும். நீளம் எவ்வளவுன்னு எவனாவது அளந்து சொல்லுங்கடா" என்றார். கணக்கென்றால் ஓடி ஒளிகிறவர்கள் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கெங்கம்மாள் சீட்டைக் கிழித்து, மடித்து, குண்டானில் போட்டுக் குலுக்கினாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொருவனாக வந்து எடுத்தான். சண்டை இல்லை, முணுமுணுப்பும் இல்லை. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. குண்டான் காலியானதும் நிமிர்ந்து பார்த்தாள்.

பெண் பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

சண்டையே போடவில்லை. பாடு போடும்போது பொம்பளை பேரைக் கூப்பிட மாட்டார்கள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, பிறந்ததிலிருந்து பார்க்கிறார்கள். சத்யா எழுந்து வந்தாள். "பிரஷ் கழுவ நாங்க தண்ணி மொண்டு குடுக்கறோம்மா" என்றாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை.

வருத்தப்பட்டிருந்தால் கெங்கம்மாள் சமாதானம் சொல்லியிருப்பாள். இதற்கு என்ன சொல்வது? பாடு என்றதும் அவள் கை தானாக ஆம்பளைப் பிள்ளைகளை மட்டும் எண்ணிச் சீட்டுக் கிழித்திருக்கிறது. எந்தப் பெண்ணுக்காகப் பீரியடைக் காப்பாற்றக் கிளம்பினாளோ, அந்தப் பெண்ணையே தண்ணீர் தூக்க அனுப்பிவிட்டாள். குண்டானை மறுபடி கையில் எடுத்தாள்.

"எல்லாச் சீட்டையும் திருப்பிக் குடுங்கடா."

"அய்ய, மறுபடியுமா?" என்று அலுத்துக்கொண்டார்கள்.

"பாடு போடறதுல தப்பு நடந்துடுச்சின்னா திருப்பிப் போடணும். தப்பு என்னுது."

இராமலிங்கம் மறுபேச்சுப் பேசாமல் கோடுகளை அழித்துவிட்டு, மறுபடி கணக்குப் போட ஆரம்பித்தார். இந்தத் தடவை எல்லாருக்கும் சீட்டு. சத்யாவுக்குக் கக்கூஸ் பக்கம்தான் வந்தது. அவள் அதை லாட்டரி விழுந்த மாதிரி தூக்கிக் காட்டினாள்.

குண்டானில் ஒரு சீட்டு மீந்து கிடந்தது. "எண்ணிக்கை தப்பிடுச்சா டீச்சர்?" என்றாள் கெங்கம்மாள்.

"இல்லக்கா, நான்தான் போட்டேன். உங்களுது" என்றாள் ஜோதிலட்சுமி.

ஏரிக்கரையிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அவள் பாடு போடும் குண்டானில் கையை விட்டது அன்றைக்குத்தான். பஸ் நிற்கும் பக்கத்துச் சுவர் வந்தது. பையன்கள் பெருமூச்சு விட்டார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு எதை வரைவது என்று வெகுநேரம் நின்றாள்.

அன்று சாயங்காலம் இராமலிங்கம் பஸ் ஏறப் போகும்போது அவளிடம் நின்றார். "அந்தப் பீரியடு இருக்கட்டும்மா. என் கணக்குக்கே உதவுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தலையாட்டினாள். கை முழுக்க மஞ்சள்.

ஏழுமலை வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வழியாக வந்தான். சுவரில் மஞ்சள் ஏரி, நடுவில் ஒரு சாம்பல் படகு. படகு கொஞ்சம் கோணல். அதில் ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"யாரு படகு இது?"

"என்னுது. பாடு போட்டதுல உழுந்துச்சு."

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தான்.

"படகு சரி கெங்கா. வலையக் காணோமே?"

பேரைச் சொல்லிவிட்டான். அவள் அதைக் கவனிக்காத மாதிரி பிரஷ்ஷைத் துடைத்தாள்.

"நாளைக்கு இந்த இடம் சத்யா பாடு. அவ வந்து போடுவா."