கரி போட்ட பாத்தி

"தலையணைய இன்னும் கொஞ்சம் தூக்கும்மா," என்றார் மாமனார்.

மருமகள் இரண்டாவது தலையணையையும் முதுகுக்குப் பின்னால் செருகினாள். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த மனைவியின் படத்தையும் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் ஒரு பலகை, பலகையின் மேல் சமையலறைத் தராசு. அதைத்தான் பார்த்தார். தராசு சற்றுச் சாய்ந்திருப்பதாக அவருக்குப் பட்டது. மூச்சு வாங்குகிற மனிதர், விரலால் இடது பக்கம் தட்டிச் சரிசெய்தார்.

மகன் பின்வாசல் வழியாக மூன்று துணிப்பைகளோடு வந்தான். லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் படிந்த கைக்கு வெண்டைச் சுணை ஒத்துக்கொள்ளவில்லை. முழங்கை வரை சொறிந்துகொண்டே வந்தான்.

"நீ போம்மா," என்றார் மாமனார்.

அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எடை போடும் நேரத்தில் அவள் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவள் முகம் ஒரு நோட்டீஸ் பலகை. அதில் எல்லாம் எழுதியிருக்கும் என்று அவரே சொல்லியிருந்தார்.

லாரிகளுக்கு எடை போடும் மேடையில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தவர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே 'கிலோ'தான். ஓய்வு பெற்ற பிறகு எங்கேயோ படித்துவிட்டு வந்தார்: மரத்துண்டுகளை மூட்டம் போட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி மண்ணில் கலந்தால் செடி ஒன்றுக்கு இரண்டாகக் காய்க்குமாம். இரும்புப் பீப்பாய் ஒன்றைத் தேடிப்பிடித்து, அடியில் ஓட்டை போட்டு, பின்புறத்தில் மூட்டம் போட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரி தைத்து வைத்த துணியெல்லாம் புகை நாற்றம் அடித்தது. அவள் சண்டைக்கு வந்தாள். "இவ்வளவு புகையக் கிளப்புறீங்களே, நிஜமாவே காய்க்குமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. எடை போட்டாத்தான் தெரியும்," என்றார் கிலோ.

கரி ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு உள்ளூரக் கொள்ளை ஆசை. அதனாலேயே தன்னை அவர் நம்பவில்லை. எடை போடுகிறவன் சரக்கு யாருடையது என்று பார்க்கக் கூடாது, பார்த்தால் கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவருடைய வேதம். வெண்டைக்காக மூன்று பாத்தி வெட்டினார். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் மட்கிய எரு, ஒன்றில் கரித்தூள். எதில் எது என்று அவருக்கே தெரியக் கூடாது. இரண்டு நாள் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குள் வேறொருவர் கலந்து, மூன்றின் மேலும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரே மண்ணைப் போட்டுச் சருகு பரப்பி மூடிவிட வேண்டும். அறுவடை முடிகிற வரை வாயைத் திறக்கக் கூடாது.

அந்த வேலைக்கு அவர் மருமகளைத் தேர்ந்தெடுத்தபோது வீடே சிரித்தது.

ஏனென்றால் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: வானொலி. நாத்தனார் கர்ப்பமானது நாத்தனாரின் கணவனுக்குத் தெரிவதற்கு முன்பே தெருமுனைக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. கணவன் வேலை மாறப் போகிறான் என்பது அவன் முதலாளியின் காதுக்கு இவள் மூலமாகத்தான் போனது.

"அப்பா, ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தி வைக்கிறீங்க," என்றான் மகன்.

"இவ காதுல தற்செயலா விழுந்ததைத்தான் இதுவரைக்கும் வெளியில சொல்லியிருக்கா. இத வச்சுக்கன்னு நம்பி யாரு குடுத்தீங்க?" என்றார் அவர்.

நான்கு மாதம் ஆயிற்று. அவள் சொல்லவில்லை. தொண்டை வரை வந்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தாள். தையல்காரி கூலி வாங்காமல் ஒரு ரவிக்கை தைத்துத் தருவதாக ஆசை காட்டிப் பார்த்தாள், அப்போதும் சொல்லவில்லை. தாங்க முடியாத ஒரு நாள், குக்கர் விசிலடிக்கும் சத்தத்துக்கு நடுவே, குக்கரிடம் மட்டும் சொன்னாள். அது வேறு யாரிடமும் சொல்லவில்லை.

எடை எழுதிய நோட்டு எல்லோரும் பார்க்கும்படி சமையலறை ஆணியில்தான் தொங்கியது. ஒன்றாம் பாத்தி பதினோரு கிலோவும் சொச்சமும். இரண்டாம் பாத்தி பதினான்கு. மூன்றாம் பாத்தி ஒன்பதைக்கூட எட்டவில்லை. எந்தப் பாத்தி முந்துகிறது என்று தினமும் நோட்டைப் பார்ப்பார் மாமனார். இரண்டாம் பாத்திச் செடிகளைத் தடவிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் ஒரு நப்பாசை தெரியும்.

கரி போட்டது மூன்றில்.

அதுதான் அவளைத் தின்றது. சொல்லாமல் இருப்பதைக்கூட எப்படியோ பழகிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் இருப்பது பழகவே இல்லை. மூன்றாம் பாத்திக்கு மட்டும் ஒரு கை எருவைப் போட்டுவிடலாமா என்று ஒருநாள் குப்பைக்குழி வரை போய்விட்டுத் திரும்பினாள். அன்று முழுக்க அவளுக்குத் தன்மேலேயே கோபம்.

கதவு திறந்தது. மகன் உள்ளே வந்து குழாயில் கையைக் கழுவினான். கழுவி முடித்த பிறகும் தண்ணீரை மூடாமல் நின்றான்.

"இன்னிக்கு நம்பர அவரால படிக்க முடியல. நான்தான் படிச்சேன். டாக்டர் காலையில சொன்னதக் கேட்டல்ல?"

"கேட்டேன்."

"அப்ப சொல்லிடு."

"என்னத்த?"

"தெரியாத மாதிரி கேக்காத. உள்ள போயி, கரிதான் ஜெயிச்சுதுன்னு சொல்லு. அது உண்மையா பொய்யா, எனக்கு வேண்டாம். மனுஷன் சந்தோஷமாப் போகட்டும்."

"சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"ஊரெல்லாம் கேக்காமயே சொல்ற வாயி. இப்ப நான் கெஞ்சுறேன், திறக்க மாட்டேங்குது!" அவன் குரல் உடைந்தது. அதை மறைக்கத் தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டான்.

அவள் குழாயை மூடினாள். ஒரு பொய். இரண்டே வார்த்தை. சாகப்போகிற மனிதரிடம் சொன்னால் பாவம்கூட ஒட்டாது. அவள் நாக்கில் அது தயாராகவே இருந்தது.

உள்ளே போய்க் கட்டில் அருகில் உட்கார்ந்தாள். மகன் கால்மாட்டில் நின்றான்.

"மாமா, எந்தப் பாத்தியில எதுன்னு சொல்லிடட்டுமா?"

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது; மிட்டாய்க் கடையில் நிற்கிற குழந்தையின் அப்பட்டமான ஆசை. பிறகு பின்வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இன்னும் எத்தனை பறிப்பு இருக்கு?"

"நாலு இருக்கும் மாமா."

"அப்ப வேண்டாம்."

"அப்பா!" என்றான் மகன். "இனிமே என்னத்துக்குப்பா இந்தப் பிடிவாதம்? கேட்டுக்கங்களேன்."

"எடை போடுற சீட்டுலதான்டா நான் இன்னும் இருக்கேன்." மூச்சு வாங்கினார். "சீட்டுல இருக்கிற வரைக்கும் தெரிஞ்சுக்கக் கூடாது. எந்திரிச்சுட்டேன்னா நீ உக்காரணும். சார்ஜ் வாங்கிக்க."

மகன் தராசைப் பார்த்தான். இதுவரை பைகளைத் தூக்கி வந்ததோடு சரி, அவனுக்கு இந்தத் தோட்டமே ஒரு கேலி.

"வாங்கிக்கிட்டேன்னு சொல்லுடா."

"வாங்கிக்கிட்டேன்ப்பா."

"இப்ப உனக்கும் தெரியக் கூடாது. புரியுதா?"

பிறகு அவர் மருமகள் பக்கம் கையை நீட்டினார். பேசியது என்னவோ மகனிடம்தான். "முப்பத்தொரு வருஷத்துல என்கூட நாலு பேர் எடை போட்டாங்க. லாரிக்காரன் ஒரு டீ வாங்கிக் குடுத்தா நாலு பேரும் சாய்வானுங்க. இவள மாதிரி ஒருத்தன் கிடையாது."

நாக்கில் இருந்த பொய்யை அவள் விழுங்கினாள். வாய்க்காகவே வாழ்நாள் முழுக்கப் பேச்சு வாங்கியவள் அவள். அவளுடைய வாயை ஒருவர் புகழ்ந்தது அன்றுதான். அழுகைக்கு நடுவிலும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் மகன் கூடத்தில் நின்று, கைபேசியில் தங்கையிடம், "உடனே கிளம்பு, எதையும் எடுத்து வைக்காத, கிளம்பு," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்போது ஒரு மூச்சு வெளியே போனது. அடுத்தது வரவில்லை. மருமகள் மட்டும்தான் பார்த்தாள். உடனே யாரையும் கூப்பிடவில்லை. அந்த வீட்டின் வானொலி, ஒரு நிமிடம் போல, அவர் கையைப் பிடித்துக்கொண்டு செய்தி சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம்தான், "என்னங்க," என்றாள்.

தங்கை தூரத்திலிருந்து வந்து சேர வேண்டியிருந்ததால் இரண்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. எடை மேடையில் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் வந்து, தலைமாட்டில் நின்று, "ஒரு கிலோ கூடக் குறையப் போட மாட்டாரு," என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது.

தையல்காரி மருமகளுக்கு ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு நாளாக அழுதழுது அவளுக்கும் கண் வீங்கியிருந்தது.

"போறப்ப ஒண்ணும் தெரியாமயே போயிட்டாரே மனுஷன்," என்றாள். "அவருதான் போயிட்டாரு. இனிமே யாருக்கு ஒளிக்கணும்? என்கிட்டயாவது சொல்லேன். கரி எந்தப் பாத்தி?"

சுற்றி இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மகன் தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவன் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது.

"இன்னும் நாலு பறிப்பு இருக்குக்கா," என்றாள் மருமகள்.

"அண்ணி, நீங்களா!" என்றாள் நாத்தனார். அழுதுகொண்டிருந்தவளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வாயிலருந்தா இது வருது?"

மருமகள் டீயைக் குடித்தாள். வெண்டைக்குச் சாவு வீடு, கல்யாண வீடு என்றெல்லாம் தெரியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். தாமதித்தால் முற்றிவிடும், எடை கூடிப்போகும், அன்றைய கணக்கு பொய்யாகிவிடும். இன்று பறிக்கிற நாள். இதை இந்த நேரத்தில் கணவனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவன் எழுந்தான். ஆணியில் தொங்கிய மூன்று பைகளை எடுத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போனான்.

வெகுநேரம் கழித்து, "நோட்ட எடுத்துட்டு வா," என்ற குரல் கேட்டது.

அவள் போனபோது அவன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். துவைக்கிற கல்லின் மேல் தராசு. தராசுக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டை மடித்து வைத்து மட்டம் பார்த்திருந்தான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"என் கையெல்லாம் சுணை. நீ எழுது."

"நான் இங்க நிக்கக் கூடாதுங்க."

அவன் யோசித்தான். "அப்ப அந்தப் பக்கம் திரும்பி நில்லு. நானும் உன்னப் பார்க்க மாட்டேன்."

அவள் மதில் பக்கம் திரும்பி, நோட்டைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். பின்னால் பை அவிழும் சத்தம், காய்கள் தட்டில் விழும் சத்தம்.

"ஒண்ணு. நானூத்தி முப்பது."

எழுதினாள்.

"ரெண்டு. அறுநூத்திப் பத்து."

எழுதினாள்.

மூன்றுக்கு நேரமானது. காய்களைக் கொட்டி, எடுத்து, மறுபடி கொட்டினான்.

"மூணு. இருநூத்தித் தொண்ணூறு. ரெண்டு தடவ போட்டுப் பார்த்துட்டேன்."

பேனா காகிதத்தில் நின்றது. இரண்டு நாளாக எல்லோரோடும் சேர்ந்து அழுதவள்தான்; இந்த அழுகை வேறு இடத்திலிருந்து வந்தது. சத்தம் வராமல் இருக்க உதட்டைக் கடித்தாள், ஆனாலும் வந்தது. அது அவனுக்குக் கேட்டிருக்கும். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். அவன் திரும்பவில்லை.

தையல்காரி காலி டம்ளரை வாங்கிப் போகப் பின்வாசலுக்கு வந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் இருந்த இருவரையும் பார்த்தாள்.

"இன்னிக்குக் கூடவா சண்டை?" என்றாள். டம்ளரைக்கூடக் கேட்காமல் திரும்பிப் போனாள்.

"எழுதிட்டியா?" என்று கேட்டான் அவன், தராசைப் பார்த்தபடியே.

"எழுதிட்டேன்."

"தேதி போட்டியா?"

போட்டிருக்கவில்லை. மேலே ஒரு வரி விட்டிருந்தாள். அதில் போட்டாள்.