பௌர்ணமிக்குப் பௌர்ணமி பெட்ரோல் வாடை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் இதில் தத்துவம் தேட வேண்டாம். எங்கள் காரின் பின் சீட்டில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று நான் சொன்னேன். யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களைப் பாத்திரங்களாக்கிப் பழிவாங்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: 'மௌனமாக நிற்கும் மலையின் அடியில் ஒரு...' (வேண்டாம். கிரிவலப் பாதையிலுள்ள எங்கள் அடி அண்ணாமலையில் குடியிருக்கிற யாரும் இப்படி எழுதமாட்டார்கள். மழை வருமா, துணி காயுமா என்று பார்க்கத்தான் நாங்கள் அந்தப் பக்கம் திரும்புவோம்.)

இரண்டாம் தொடக்கம்: 'அன்புச்செல்விக்கு ஏழாம் மாதம்.' இது பரவாயில்லை. அன்புச்செல்வி நான்தான். வேறு பெயர் வைத்தால் என் மாமியார் படித்துவிட்டு, யார் அவள் என்று கேட்பார்.

2

கணவர் பலராமன், தினமும் கீழ்பென்னாத்தூருக்குக் காரில் வேலைக்குப் போய்வருகிறவர். அவரை வில்லனாக்கத்தான் ஆசை, முடியவில்லை. நான் சொன்னபோதெல்லாம் பானெட்டைத் திறந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் சக்திவேலிடமும் கொண்டுபோனார். அங்கே வாடை இருக்காது. "மாசமா இருந்தா மூக்கு அப்படித்தான் இருக்கும்னு சொல்றாங்க, அன்பு," என்றார், மிகப் பிரியமாக. பிரியமாகச் சொன்னதுதான் எரிச்சல்.

மாமியார் பாஞ்சாலை வாடையை நம்பினார், பெட்ரோலை நம்பவில்லை. பௌர்ணமியன்று வருகிறது, சில நாளில் போய்விடுகிறது, அடுத்த பௌர்ணமிக்குத் திரும்ப வருகிறது. அதுவும் பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் தெரிகிறது. அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தார், கறுப்புக் கயிறு கட்டினார். "வளைகாப்பு முடிஞ்சி இந்த வண்டியில நீ வேலூருக்குப் போவ வேணாம். ஏதோ காத்து கூடவே வருது," என்றார். வேலூரில் என் அம்மா வீடு.

(இங்கே ஒரு வேடிக்கைப் பத்தி எழுதி அழித்தேன். மாமியார் தட்டில் கற்பூரம் கொளுத்திக் காரைச் சுற்றப் போகிறார் என்று. உண்மையிலேயே போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அதை வேடிக்கையாக எழுத வரவில்லை. அன்று நான் ரொம்பவே பயந்துவிட்டேன்.)

3

வயிற்றில் பிள்ளையோடு அந்தப் பின் சீட்டில் வேலூர் வரை உட்காரப் போகிறவள் நான். வாடை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நிஜத்தில் தெரியாததால் கதையில் கண்டுபிடிக்க முயன்றேன்.

எலி குழாயைக் கடித்துவிட்டது என்று ஒரு வரைவு. (எலி பௌர்ணமி பார்த்துக் கடிக்காது. அடித்துவிட்டேன்.) 'கணவர் எதையோ மறைக்கிறார், ஏனென்றால்...' (இதையும். அவருக்கு மறைக்க வராது.)

அடுத்த வரைவில் பௌர்ணமிக்கு முதல் நாளை எழுதினேன். கிரிவலக் கூட்டம் வந்துவிட்டால் எங்கள் தெருவிலிருந்து காரை எடுக்க முடியாது. கூட்டம் கலையும்போது பெட்ரோல் பங்கில் வெளியூர் வண்டிகள்தான் வரிசையில் நிற்கும். அதனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. 'பலராமன் வழக்கம்போல் முதல் நாளே டேங்கை வாய்வரை நிரப்பிக் காரை வாசலில் நிறுத்தினார்' என்று எழுதினேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

டேங்க் நிரம்பியிருக்கும்போது வாடை. ஓடிக் குறைந்தபின் இல்லை; மற்ற நாட்களில் அவர் பாதி டேங்குக்கு மேல் போடுவதுமில்லை. சக்திவேலிடம் போனபோதெல்லாம் பாதி டேங்க்தான்.

(பலராமன் டேங்கை நிரப்பிய அந்த வாக்கியத்தைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். என் எழுத்தில் உபயோகமாக இருந்தது அந்த ஒரு வரிதான்.)

4

டேங்கை நிரப்பிய கையோடு பட்டறைக்குப் போனோம். சக்திவேல் பின் சீட்டைத் தூக்கினார். அடியில் பெட்ரோல் பம்பின் மூடி. குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாள் பூரா இதுலயே கெடக்குறேன்க்கா, எனக்கு இது வாடையாவே தெரியாது. நீங்க சொல்லுங்க."

கதவுக்கு வெளியே நின்றபடியே கை நீட்டிக் காட்டினேன், மூடியின் இடது ஓரம். கழற்றினால் உள்ளே ரப்பர் வளையம் வெடித்து, அந்த இடம் ஈரமாக இருந்தது. டேங்க் தளும்பும்போதெல்லாம் அந்த வழியாகக் கசிந்திருக்கிறது.

பலராமன் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும்," என்றார். (இங்கே கதாநாயகி பெரிதாக ஏதாவது பேச வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வடை வேண்டும் என்றேன். வாங்கிவந்தார்.)

5

புது வளையம் போட்டாயிற்று. இன்று டேங்கை மறுபடி வாய்வரை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி, வீட்டு வாசலில் வெயிலில் நிறுத்தினோம்.

ஒரு முடிவு: மாமியார் தன் தவறை ஒப்புக்கொள்கிறார். (மாட்டார். தன் பூசைக்குப் பயந்து காத்து ஓடிவிட்டது என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். இருக்கட்டும்.)

இன்னொன்று: வேலூர், குழந்தை, தொட்டில். (அது இன்னும் நடக்கவில்லை. நடக்காததை எழுத இப்போது எனக்கு மனமில்லை.)

ஆகவே நடந்துகொண்டிருப்பதை எழுதுகிறேன். பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இந்தக் கடைசிப் பகுதியைப் போனில் தட்டுகிறேன். வெளியே பலராமன், சக்திவேல், மாமியார். மூன்று பேரும் கண்ணாடி வழியாக என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கிறார்கள். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக இந்த வீட்டில் யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை.

வாடை இல்லை. துளிகூட இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. கதவை எப்போது திறப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வியர்த்து ஊற்றுகிறது, இருந்தாலும் எனக்கு அவசரமில்லை.